அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் ஓர் இட்லி சாப்பிடுங்கள்!

பெங்களூரில் வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்னதும், "எங்கடா தங்குவே, என்னத்தச் சாப்பிடுவே?" என்று அம்மாக்கள் ஒரே மூச்சில் கேட்பார்கள். பிள்ளைகள் அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். வீட்டை மொபைலில் தேடுகிறார்கள். பட்ஜெட், பெட்ரூம், லிஃப்ட் என்று ஃபில்டர் போட்டு, வீடியோ காலில் புரோக்கர் காட்டும் மாடுலர் கிச்சனில் மயங்கி, ஊரை மிதிக்கும் முன்பே டோக்கன் அட்வான்ஸை அனுப்பிவிடுகிறார்கள். சாப்பாட்டைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

அம்மாக்கள் கட்சிதான் என் கட்சி. தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் யார், ராத்திரி பத்து மணிக்குத் தெரு எப்படி இருக்கும் என்று புரோக்கர் வாய் திறக்காத விஷயங்களையெல்லாம் அந்த ஏரியாவின் டிபன் கடை சொல்லிவிடும். போய் நின்று சாப்பிடவேண்டும், அவ்வளவுதான். அட்வான்ஸை லட்சத்தில் கேட்கும் ஊரில் நாலு வேளை டிபன் ஒரு செலவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து, ஞாயிறு பகலில் ஏழெட்டு வீடு பார்த்து, இரவே திரும்பிவிடுவதுதான் வழக்கமான வீடு தேடும் படலம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு வேறு ஊர். சில்க் போர்டு சந்திப்பைக் கண் இமைப்பதற்குள் கடந்துவிடலாம். "ஆபீஸ் இருபதே நிமிஷம் சார்" என்று புரோக்கர் சொல்வது அன்றைக்கு நிஜம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே சாலையில் அந்த இருபது நிமிஷம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

செவ்வாய், புதனில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும். சென்னையில் இருந்து மட்டுமல்லாமல் கோவை, மதுரையில் இருந்தும் இப்போது பெங்களூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. எந்த ஏரியாவில் வீடு பார்க்கிறீர்களோ அங்கேயே ஒரு பிஜியிலோ லாட்ஜிலோ தங்குங்கள். மெஜஸ்டிக்கில் ரூம் போட்டுவிட்டு ஒயிட்ஃபீல்டில் வீடு தேடினால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். காலை டிபனை ஒரு கடையிலும் இரவுச் சாப்பாட்டை இன்னொரு கடையிலும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நீங்கள் பார்க்கும் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும்.

ஆன்லைனில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு ஊர் முழுக்கச் சாப்பிட அலைவது வேறு விஷயம். காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் மசால் தோசை, மல்லேஸ்வரம் சிடிஆரில் பெண்ணெ தோசை, லால்பாக் ரோடு எம்டிஆரில் ரவா இட்லி எல்லாம் அவசியம் சாப்பிடவேண்டியவைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது எம்டிஆர்காரர்கள் ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்பார்கள். 1943-ல் தொடங்கிய வித்யார்த்தி பவனில், பணியாளர் ஒரே கையில் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வரும் காட்சிக்காகவே வரிசையில் நிற்கலாம். ஆனால் நீங்கள் குடியேறப்போவது பெல்லந்தூர் என்றால் இந்த மூன்றும் உங்களுக்கு மாதம் ஒருமுறை போகும் சுற்றுலாத் தலங்கள். வீட்டு முடிவை எடுக்க அவை உதவாது. தெருமுனை தர்ஷினி உதவும்.

தர்ஷினி வாசலில் அரை மணி நேரம்

டோக்கன் வாங்கி, கவுன்டரில் நீட்டி, தட்டை எடுத்துக்கொண்டு இடுப்பளவு ஸ்டீல் மேஜையில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகும் கடைதான் தர்ஷினி. 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய 'கஃபே தர்ஷினி'தான் இந்த வகைக்குப் பெயர் கொடுத்தது. உட்கார நாற்காலி இல்லாததால் இடமும் சர்வர் கூலியும் மிச்சம், விலையும் குறைவு. இட்லி-வடை, காராபாத், கேசரிபாத், இந்தப் பாத் இரண்டும் ஒரே தட்டில் வேண்டுமென்றால் சௌ சௌ பாத். காபியை 'பை டூ' என்று சொன்னால் ஒன்றை இரண்டாகப் பகிர்ந்து தருவார்கள். இந்த ஊரின் நாகரிகம் எது என்று கேட்டால் நான் ஐ.டி. கம்பெனிகளைச் சொல்லமாட்டேன், பை டூ காபியைத்தான் சொல்வேன்.

காலை ஏழு மணிக்குப் போய் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக வாக்கிங் முடித்து வந்த பெரியவர்கள் கன்னடப் பேப்பரைப் பிரித்துவைத்து வாதாடிக்கொண்டிருந்தால், அது சொந்த வீட்டுக்காரர்களின் ஏரியா. 1898 பிளேக்குக்குப் பிறகு விரிந்த பசவனகுடி, மல்லேஸ்வரம், பின்னால் வந்த ஜெயநகர் எல்லாம் இந்த ரகம். இங்கே பல வீடுகள் ஆப்புக்கே வருவதில்லை. மாடி போர்ஷன் காலியானால் வீட்டுக்காரர் இதே மேஜையில் நண்பரிடம் சொல்வார், அது வாய்வழியாகப் போகும். கல்லாவில் இருப்பவரிடம், "அண்ணா, இல்லி மனெ காலி இதியா?" (இங்கே வீடு காலி இருக்கா?) என்று கேட்டுப் பாருங்கள். 'அண்ணா' இரண்டு மொழிக்கும் பொது. ஒரு மாத வாடகையைப் புரோக்கர் கமிஷனாகக் கொடுக்கும் ஊரில், இந்த ஒரு கேள்விக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது.

ஒன்பதரை மணிக்குக் கழுத்தில் ஐ.டி. கார்டுகளும் முதுகில் லேப்டாப் பைகளும் மட்டும் தெரிந்தால், சுற்றுவட்டாரம் முழுக்க பிஜி. பிஜி நிறைந்த தெருவில் தனி வீடு எடுப்பதற்குமுன் யோசிக்கவேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய பிளாட்டில் ஐந்து மாடி எழுப்பி ஐம்பது பேரைத் தங்கவைத்திருப்பார்கள். தண்ணீர் லாரியும் சாக்கடை அடைப்பும் பைக் நிறுத்தும் சண்டையும் அந்த ஐம்பது பேர் கணக்கில்தான் வரும். திருமணம் ஆகாத ஆளுக்கோ அதே தெரு சொர்க்கம். இரவு பதினொன்றுக்கும் சாப்பாடு கிடைக்கும், வீட்டுக்காரர் கேள்வி கேட்கமாட்டார்.

மெனு போர்டும் பேசும். மாரத்தஹள்ளியில் ஆந்திரா மெஸ்ஸும் பப்புச்சாரும், மடிவாளாவிலும் எஸ்.ஜி.பாளையாவிலும் மலையாளத்தில் எழுதிய பலகைகளும் பொரோட்டாக் கல்லும், கோரமங்களாவில் ஒரு காபிக்கு ஒரு நாள் டிபன் காசைக் கேட்கும் கஃபேக்களும் இருப்பதற்குக் காரணம், அங்கங்கே வந்து குடியேறியவர்கள். இந்திரா நகர் 12-வது மெயினில் மாலை நேரம் ஜொலிக்கிறதே என்று பக்கத்துத் தெருவில் வீடு பிடிப்பவர்கள், வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒருமுறை நின்று பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம். பப்பில் இருந்து வரும் பாட்டு அட்வான்ஸில் கழியாது.

ஒரே கடையில் இரண்டாம் தடவை சாப்பிடுவதும் முக்கியம். கர்நாடகத்துச் சாம்பாரில் வெல்லம் விழும். முதல் நாள் "வித்தியாசமா இருக்கே" என்று தோன்றும். பத்தாம் நாள் காரக்குழம்பு நினைவில் கண்ணீர் வரும். தமிழ் நாக்குக்குத் தப்பிக்க வழி உண்டு. சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாரில் 1965-ல் இருந்து சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத்தோடு சட்னி மட்டும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு சட்னிக் கடை இருக்கிறதா, இரவில் தயிர்சாதம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டு ஊர் போகும் முதல் மூன்று மாதம் சமையல் பாத்திரம் பாதி அட்டைப்பெட்டியில்தான் இருக்கும்.

கை கழுவும் இடத்தில் ஒரு பரீட்சை

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவப் போகிறீர்கள் அல்லவா, அங்கே சோப்பு நுரைக்கிறதா என்று கவனியுங்கள். நுரை வராமல் கை பிசுபிசுவென்றே இருந்தால் அது போர்வெல் தண்ணீர். குழாய் மூக்கில் வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். கடைக்கும் எதிரே இருக்கும் அபார்ட்மென்டுக்கும் பல இடங்களில் ஒரே நிலத்தடி நீர், ஒரே டேங்கர் லாரி. வீட்டைப் பார்க்கப் போனால் பாத்ரூமில் கெய்சர் குழாயையும் ஷவர் தலையையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பெங்களூருக்குப் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். முதல் கட்டத் திட்டம் வந்தது 1974-ல். நகரத்தின் பழைய பகுதிகள் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவை. 2007-ல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு, அதாவது ஐ.டி. நிறுவனங்கள் மொய்க்கும் வெளிவட்டப் பகுதிகளில் பலவற்றுக்கு, காவிரி பரவலாகப் போய்ச் சேரத் தொடங்கியதே 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறந்த பிறகுதான். அதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த ஆண்டின் மார்ச்சில், நகரம் தவித்த தவிப்பை மறந்திருக்கமாட்டீர்கள். துணை முதல்வர் டி.கே.சிவகுமாரே தன் வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது என்று சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது.

"காவேரி வாட்டர் இருக்கா?" என்று கேட்டால் எல்லா புரோக்கரும் "இருக்கு சார்" என்பார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, போன ஏப்ரலில் மாதம் எத்தனை டேங்கர் வாங்கினீர்கள், அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடங்குமா தனியா? பதிலை செக்யூரிட்டியிடம் சரிபாருங்கள். அதைவிட நம்பகமான ஆள், தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர். எந்த வீட்டில் ஆள் தங்குவதில்லை, எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பல தெருக்களில் அவர் தமிழ் பேசுபவராகவே இருப்பார், கூச்சமில்லாமல் கேட்கலாம்.

வறட்சிக்கு நேர் எதிரான கவலையும் உண்டு. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. ஏரிக்கரைக்கும் ராஜகால்வாய் என்னும் மழைநீர்க் கால்வாய்க்கும் பக்கத்தில் வீடு என்றால், கீழ்த்தளச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்துச் சுவரைப் பாருங்கள்.

"நீங்க வெஜ்ஜா?"

வீடும் சாப்பாடும் வேறு வேறு என்று நினைப்பவர்களை இந்த ஒரு கேள்வி திருத்திவிடும். பெயர், ஊர், கம்பெனி என்று விசாரணை நடக்கும்போதே மூன்றாவதோ நான்காவதோ இது வரும். சில டு-லெட் போர்டுகளில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று எழுதியே இருக்கும். கேட்பவர்கள் சமையலறை வாசத்தைப் பற்றிக் கேட்பதாகச் சொல்வார்கள். பல நேரங்களில் சாதியையும் மதத்தையும் கௌரவமாகக் கேட்கும் வழி இது. முஸ்லிம் பெயர் சொன்னதும் 'இப்பத்தான் வேற ஒருத்தருக்குப் பேசிட்டோம்' என்று போனை வைப்பது பெங்களூரில் மட்டும் நடப்பதில்லை. சென்னையிலும் வீடு தேடிய தலித்துகளும் முஸ்லிம்களும் இதை நமக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் கர்நாடகத்தில் பெரும்பான்மையோர் அசைவம் சாப்பிடுபவர்கள். பெங்களூரின் அடையாளம் தர்ஷினி என்றால் அதற்குச் சமமான இன்னோர் அடையாளம் மிலிட்டரி ஓட்டல். காலையிலேயே கால் சூப், பெரிய உருண்டையாக ராகி முத்தே, இலைத் தொன்னையில் ஆவி பறக்கும் பிரியாணி. ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஓட்டலில் மதியம் தொன்னை பிரியாணி தீர்ந்துபோகும் வேகத்தைப் பார்த்தவர்கள், இந்த ஊரை சைவ ஊர் என்று சொல்லமாட்டார்கள். முத்தேயை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்கவேண்டும். பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தருவார், அதிலேயே ஒரு சிநேகம் பிறந்துவிடும்.

நடைமுறைக்கு வருவோம். தெருவில் மிலிட்டரி ஓட்டலோ மீன் கடையோ பிரியாணிக் கடையோ இருந்தால் இந்த விசாரணையின் கடுமை குறையும். ஏரியாவைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கவனித்தால் அவமானங்கள் குறையும். 'வெஜ்' என்று பொய் சொல்லி வீடு பிடித்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி முட்டை பொரிக்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பதாயிரம் வாடகை கொடுத்துவிட்டு மத்தி மீனை ஒளித்துவைத்துத் தின்னும் பிழைப்பு எதற்கு? அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதே மேல். அப்படிச் சொல்லும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதும் தெரிந்தே சொல்கிறேன்.

பத்து மாத அட்வான்ஸ்

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. ஆனால் மாதிரிச் சட்டத்தை மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசி இறக்குகிறார்கள், பெரிய அபார்ட்மென்டுகளில் இன்னும் குறைவாகவும் கிடைக்கிறது. பேசாமல் ஒத்துக்கொண்டால் நஷ்டம் எவ்வளவு? வாடகை 30,000, அட்வான்ஸ் மூன்று லட்சம் என்றால், அந்தப் பணம் வங்கியில் 7 சதவிகித வட்டிக்கு இருந்தால் வருடம் 21,000 வரும். மாதம் 1,750 ரூபாயைச் சத்தமில்லாமல் கூடுதல் வாடகையாகக் கொடுக்கிறீர்கள். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் இங்கே வழக்கம். இரண்டு வருடமாவது தங்கினால் பெயின்டிங் பிடித்தம் கூடாது என்று அக்ரிமென்டில் எழுத வைக்கப் பாருங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

அக்ரிமென்ட் ஏன் 11 மாதம்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம். பதிவுச் செலவைத் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைக்கிறார்கள். நோட்டீஸ் காலம், வருடாந்திர உயர்வு, அட்வான்ஸ் திரும்பும் நாள் மூன்றும் எழுத்தில் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மின்சாரத்தில் ஒரு சின்ன லாபம் உண்டு. மாதம் 200 யூனிட் வரை இலவசம் தரும் கிருஹ ஜோதித் திட்டம் வாடகைதாரர்களுக்கும் பொருந்தும். முந்தைய குடித்தனக்காரரின் ஆதார் அந்த மீட்டரில் இருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'லீஸ்' என்றொரு வலையும் இருக்கிறது. நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்போமே, அதுதான். பதினைந்து, இருபது லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தால் வாடகை இல்லை, முடிவில் முழுப் பணமும் திரும்பும். உரிமையாளரோடு நேரடியாகப் பேசி, வில்லங்கச் சான்றிதழும் வங்கிக் கடன் நிலுவையும் பார்த்தால் ஒருவேளை சரி. நடுவில் ஒரு கம்பெனி இருந்தால் விலகிவிடுங்கள். உரிமையாளருக்கு மாத வாடகை தருவதாகச் சொல்லி வீட்டை எடுத்து, குடித்தனக்காரரிடம் லீஸ் பணம் வாங்கி, சில மாதங்களில் இரண்டு பக்கமும் கையை விரித்த கதைகள் பெங்களூரு போலீஸ் ஸ்டேஷன்களில் ஏராளம்.

தமிழ் பேசும் தெருக்கள்

1809-ல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் கன்டோன்மென்ட் அமைத்தபோது, சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் கூலிகளாகவும் வந்த தமிழர்களின் வாரிசுகள் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றும் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் கருணாநிதியும் எடியூரப்பாவும் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்டது. பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை வைத்தார்கள். காவிரிப் பிரச்சினையில் வெடித்த 1991 கலவரமும், 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்ததும் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு மறக்கவில்லை. பையன் பெங்களூரு போகிறான் என்றதும் அவர்கள் முகம் மாறுவதற்கு அதுதான் காரணம்.

பயத்தோடு போகவேண்டியதில்லை, ஆனால் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம் என்ற மெத்தனமும் வேண்டாம். 'எஷ்டு' (எவ்வளவு), 'சாக்கு' (போதும்), 'ஸ்வல்ப சட்னி கொடி' (கொஞ்சம் சட்னி கொடுங்கள்) என்று கடையில் நாலு வார்த்தை பேசிப் பழகினால், வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைக் குறைக்கப் பேசும்போது கைகொடுக்கும். வாடகையில் பேரம் பேசும் கன்னடத்தை இட்லிக் கடையில்தான் இலவசமாகக் கற்கமுடியும்.

அத்திபெலேவுக்கு இந்தப் பக்கம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் கணக்கே வேறு. 2025 ஆகஸ்டில் ஆர்.வி.ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் மெட்ரோ திறந்தபிறகு, ஜெயநகரில் தங்கிக்கொண்டு சில்க் போர்டு நெரிசலுக்கு மேலேயே பறந்துபோகலாம். ஒயிட்ஃபீல்டுக்காரர்களுக்கு 2023 அக்டோபரில் முழுமையடைந்த ஊதா வழித்தடம் இருக்கிறது. வெளிவட்டச் சாலை ஆபீஸ்களுக்குத்தான் இன்னும் விடியவில்லை, மெட்ரோ கட்டுமானத்திலேயே இருக்கிறது. அங்கே வேலை என்றால் ஆபீஸுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு எடுங்கள், சாப்பாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

மஞ்சள் வழித்தடத்தால் ஓசூரும் ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. அத்திபெலே எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. ஓசூரில் தங்கி, பொம்மசந்திராவில் வண்டியை நிறுத்திவிட்டு மெட்ரோ ஏறுபவர்கள் இருக்கிறார்கள். டிஎன் நம்பர் வண்டியை ஓராண்டுக்கு மேல் கர்நாடகத்திலேயே வைத்திருந்தால் அங்கே வரி கட்டி மறுபதிவு செய்யவேண்டிய வேலையும் மிச்சம். பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் கிடைக்கும், ஓட்டலில் காரச் சட்னி கிடைக்கும், முன்பணம் தமிழ்நாட்டுக் கணக்கில் பேசலாம். ஒயிட்ஃபீல்டிலோ மான்யதா டெக் பார்க்கிலோ வேலை என்றால் இந்த யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள், தினமும் நாலு மணி நேரம் சாலைக்குப் போய்விடும். எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைக்காரர்கள் மட்டும், மேற்சொன்ன செவ்வாய்க்கிழமைப் பயணத்தில் ஓசூரிலும் ஓர் இரவு தங்கி, காலை ஷிப்ட் நேரத்தில் எல்லையைக் கடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் பற்றிப் பேசத் தொடங்கலாம்.